மாறனார் வாரிய முளை

நாளைக்கு வேண்டுவதை இன்றே எண்ணிக் கவலுதல் அறிவுடைமை என்றும், அக்கவலை இல்லாதான் இல்வாழ்க்கைக்குத் தகான் என்றும் உலகத்தார் கருதுவர். அடியார் வரலாறுகளைப் பயில்வோருட் சிலர் இதற்கு மறுதலையாக, நாளையை எண்ணாமையே அன்பின் இலக்கணம் என்பர். இவ்விரு திறத்தாரும் தத்தம் கொள்கைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது ஒரே வரலாறாக இருத்தல் வியப்பிற்குரியது. அது திருத்தொண்டர் புராணத்துள் தில்லைவாழந்தணர் சருக்கத்தில் அமைந்த இளையான்குடிமாற நாயனார் புராணம் ஆகும். பகலில் விதைத்த நெல்முளையை அன்றிரவே வாரிவந்து அடியார்க்கு அமுதாக்கிய செயலை, விதைநெல்லைக் குத்தித் தின்று கெடுவானது செயலோடு ஒப்பவைத்து முன்னவர் இகழ்வர். முன்பின் எண்ணாத பெருவள்ளன்மை எனப் பின்னவர் புகழ்வர். இகழ்ச்சியும் புகழ்ச்சியும் ஆகிய இரண்டும் ஆசிரியர் சேக்கிழார் பாட்டை முற்றும் நோக்காது எழுந்தன என்பது அப்புராணத்தை அடைவே நோக்குவார்க்குப் புலனாம்.

திருத்தொண்டத்தொகையின் முதற் பாட்டில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் இந்நாயனாரை ஊரும் பேருங் கூறி வணங்குவதோடு அமைந்தார். செயல் இன்னது என்பது நம்பியாண்டார் நம்பிகளின் திருத்தொண்டர் திருவந்தாதியிலேதான் முதற்கண் வெளிப்படுகின்றது. அவ்வொரு பாட்டினுள், ஏலாத வேளையில் வந்த தவத்தோர்க்காக வயலில் விதைத்த முளையை வாரியதும், மனையின் கூரையலகு கொண்டு அதனை வறுத்ததும், இளம்பயிரைக் கறியாக்கியதும் ஆகிய மூன்றும் அடங்கிவிட்டன. சேக்கிழார் இதனையே 27 பாட்டுக்களாக விரித்தார். விரித்தவிடத்து அவர் புதியனவாகக் காட்டியவை எவை என்று வினவுதல் வேண்டும். முன்னைச் செல்வமும் அது சுருங்கிய முறையும் ஒன்று. மாரிக்காலத்து நள்ளிருளும் பசியும் ஒன்று. மனைவியாரும் அவர்தம் கூற்றும் ஒன்று. அந்தாதியில் மனைவியார் இலர். வாரியவரும் வறுத்தவரும் கறியாக்கியவரும் மாறனார் ஒருவரே என்னும்படி அங்கே பாட்டு நடக்கின்றது. சேக்கிழாரோ முளையை வாரும் எண்ணத்தையே மனைவியார் வாயில் வைத்தார். இவ்வொரு மாற்றத்தாற் புராணத்தின் பொருளே ஆழமுற்றது. அதனைப் பின்னர்க் காண்க.

செல்வம் சுருங்கிய முறையை முதலில் நோக்கலாம். மாறனார் உழவினால் வளம் பெருக்கியவர். வந்த அடியார்களை எதிர்கொண்டு, நீர்வார்த்து, அறுசுவையால் ஊட்டுதலை நாடோறும் செய்தவர். வறுமை வந்துழியும் இது செய்ய வல்லார் என்பதை உலகிற்குக் காட்டவேண்டி இறைவன் அச்செல்வத்தை நாடோறும் சுருங்கச் செய்தான். அவரும் உள்ளம் சுருங்காராய், உள்ளவற்றை விற்றும், தம்மை விற்றேனும் தீர்க்கத்தக்க அளவிற் கடன் கொண்டும் பணியை நடத்தினார் என்பது புராணம். கடனைப்பற்றிய இக்குறிப்பு சொற்சுருக்கத்தால் எளிதில் நழுவிவிடும். இறுக்கமாட்டாத கடனை அவர் கொண்டாரல்லர். நாளையை முழுதும் மறந்தான் ஒருவன் கடனுக்கு எல்லை காணான்; மாறனார் கண்ட எல்லை தம் உடம்பே ஆயினும், எல்லை எல்லையேயாம். முன்பின் எண்ணாத வள்ளன்மை என்பாரது புகழ்ச்சி இங்கேயே தளர்கின்றது.

இனி, முளையின் செய்தி. அவ்விரவு மாறனார் வாரிய முளை, அன்று பகலில் அவரால் விதைக்கப்பட்டது. உண்ண ஒன்றும் இல்லாத மனையிலிருந்து விதைநெல் வயலுக்குச் சென்றிருக்கின்றது என்பது இதனாற் பெறப்படும். விதைநெல்லை ஊறவைத்து, முளைகட்டி, சேற்றில் விதைத்தல் ஓரிரு நாளில் முடிவதன்று. அத்துணை நாளும் அந்நெல் அம்மனையிற் கண்காண இருந்தது; இருவரும் பசித்திருந்தனர்; அதனை உண்டாரல்லர். கடைநாளிலும் பசியோடே வயலிற் சென்று விதைத்தனர். விதைநெல்லைக் குத்தித் தின்றான் என்னும் பழிக்கு இதற்குமேல் மறுப்பு வேண்டுவதில்லை. தம் பசிக்கு எடாத விதையை விருந்தின் பசிக்கு எடுத்தார் என்பதே பாட்டின் நேரிய பொருள். நாளைக்குச் செய்யவேண்டியது விதைத்தல். அதனை இன்றைத் தொழிலாகச் செய்து முடித்த பின்னர், நாளையைப்பற்றி அவர்க்கு எஞ்சியது ஒன்றும் இல்லை. தொழில் வேறு, கவலை வேறு. தொழில் கையினால் இன்று செய்யப்படுவது. கவலை இன்று செய்தற்கு ஒன்றும் இல்லாதவிடத்து மனம் தன்னைத்தானே உழுதுகொள்வது. இவ்வேறுபாட்டை உணராது இரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே மேற்கூறிய இருதிறத்தார் பிழைக்கும் வேராம்.

மனைவியார் கூற்று இப்புராணத்தின் உயிர்நிலை. நள்ளிரவில் நனைந்து வந்த அடியாரை உள்ளழைத்து ஈரம் நீக்கி இருக்கை தந்தபின், யாது செய்வோம் என மாறனார் வினவுகின்றார். அம்மையார் விடையை ஆசிரியர் துணிகள் பலவாக அமைக்கின்றார். வீட்டில் ஒன்றும் இல்லை, அயலார் இனித் தாரார், பொழுதும் கழிந்தது, செல்லுதற்கு வேறிடம் இல்லை, தீவினையேன் செய்வது என்? இவ்வளவும் முதற் பாட்டு. வீட்டுப் பொறுப்பைத் தாங்கும் ஒருத்தி நாடோறும் உள்ளத்திற் போட்டுவரும் கணக்கே இது. உள்ளது, கடன், காலம், இடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எண்ணி எல்லா வாயிலும் அடைபட்டதைக் காண்கின்றார். இவரை முன்பின் எண்ணாதவர் என்று எவரே கூறுவர்? கணக்கு முடிந்தபின்னரே அடுத்த பாட்டு எழுகின்றது: பகலில் வித்திய முளையை வாரிவந்தால் இயன்றவாறு அமுதாக்கலாம், இதுவன்றி வேறறியேன். இவ்வாறு கூறி அம்மையார் அயர்வுற்றார் என்றும் ஆசிரியர் சேர்த்தார்.

அயர்வு என்ற இவ்வொரு சொல்லைக் கடந்துசெல்லலாகாது. அம்மையார் வருந்தாது கூறினாரல்லர். முளையை எடுத்தால் வரும் அறுவடை இல்லை என்பதை அவரினும் நன்கறிந்தார் எவர்? அறிந்தே கூறினார், கூறி வருந்தினார், வருந்தியும் கூறியதை மீட்டாரல்லர். நாளைப்பற்றிய நினைவு உள்ளத்தில் எழாதொழிதலே உயர்நிலை என்பாரது கொள்கை இவ்விடத்து நிற்றல் அரிது. நினைவு எழுகின்றது, எழுந்த அது இன்றைப் பணிக்குத் தடையாகவில்லை. இவ்வளவே சேக்கிழார் காட்டுவது. மாறனாரோ அதுகேட்டு, முன்னிருந்த செல்வமே மீண்டாற்போல மகிழ்ந்தார் என்கின்றது பாட்டு. ஒரே சொல் ஒருவர்க்கு அயர்வும் ஒருவர்க்கு மகிழ்ச்சியும் ஆயிற்று. இருவரையும் இறைவன் ஒருங்கே தன் உலகிற்கு அழைத்தான் என்பது முடிவு. ஆதலின் மகிழ்ந்தார் உயர்ந்தார், அயர்ந்தார் தாழ்ந்தார் எனப் பகுத்தல் பாட்டிற்கு ஏலாது. அயர்வோடு செய்யப்படும் தொண்டும் தொண்டே. இல்லறத்தார் பலர்க்கு வாய்ப்பது அதுவே.

திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்து ஐந்தாம் குறளை இவ்வரலாற்றோடு இயைத்துக் காட்டுதல் வழக்கம். வந்த விருந்தினரை உண்பித்து எஞ்சியதை உண்பானது நிலத்திற்கு வித்திடுதலும் வேண்டுமோ என்பது அக்குறளின் வினா. வேண்டா, தானே விளையும் என்பது குறிப்பெச்சம் என்றார் பரிமேலழகர். விதைநெல்லையும் விருந்திற்கே ஆக்குவான் எனப் பொருள்கொள்வாரும் உளர். பரிமேலழகர் உரையைக் கொள்ளின், மாறனார் புராணம் அதற்கு எடுத்துக்காட்டு ஆதல் எவ்வாறு என்பது வினாவத்தக்கது. நாடோறும் விருந்தோம்பிய மாறனார் நிலம் தானே விளைந்ததில்லை. அவர் செல்வம் நாடோறும் தேய்ந்தது. ஓம்பினார்க்கு வளம் பெருகும் என்னும் உறுதிமொழி அவரிடத்து இம்மையிற் பலித்திலது. பலியாதவிடத்தும் ஓம்புதல் நின்றதா என்பதே சேக்கிழார் எடுத்துக்கொண்ட வினா. குறள் அறம் கூறுகின்றது. புராணம் அவ்வறத்தின் பயன் கைகூடாத நாளில் அறத்தான் நிலை யாது எனக் கூறுகின்றது. ஆதலின் இயைத்துக் காட்டுவோர் ஒப்புமையோடு இவ்வேறுபாட்டையும் காட்டுதல் கடன். இரண்டாம் பொருளைக் கொள்ளின் இயைபு எளிதாம். ஆயினும் அங்கும், விதையாது ஊட்டுதற்கும் விதைத்ததை மீட்டு ஊட்டுதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

முளை வாரிய இடத்தில் ஒரு தடை நிகழ்த்தலாம். கூடையைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு, மையிருளிற் காலினால் வழிதடவிச் சென்று, நீர்வழி ஒதுங்கிய முளைகளை மாறனார் கைகளால் வாரினார் என்று பாட்டுக் கூறுதலின், மழைநீர் அடித்துச் சென்று பயன்படாதொழிய இருந்த முளையையே அவர் எடுத்தார். எனவே இழந்தது பெரிதன்று என்பது அத்தடை. இதற்குச் சொல்லளவில் ஓரிடம் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் வயலின் நிலையை அறியாது மனையிலிருந்தே மனைவியார் முளையைக் குறித்தார். அறியாதே மாறனார் மகிழ்ந்தார். அடித்துச் செல்லப்பட்டது என்பதைக் கண்டபின் எழுந்த எண்ணம் அன்று அது. மேலும் இருளில் நின்று வாருவான் கைக்கு அகப்படுவது நீரோடு வந்து ஒதுங்கியதே அன்றி, சேற்றிற் பதிந்தது அன்று. ஆசிரியர் வயலையும் இருளையும் உள்ளவாறு கண்டு பாடினார் என்பதற்கு அச்சொல் சான்றாகுமே அன்றி, கொடையைக் குறைத்தற்குச் சான்றாகாது. ஈரமுளையைக் குத்தினால் அரிசி ஆகாது என்பதறிந்து, அம்மையார் சேறு கழுவி வறுத்த பின்னரே குத்தினார் எனக் கூறுமிடத்தும் இவ்வுண்மை நோக்கு விளங்கும். தொண்டைநாட்டு வேளாளர் குடியிற் பிறந்து சோழ அரசில் அமைச்சுரிமை பூண்டவர் எனப்படும் ஒருவர்க்கு விதைநெல்லின் விலை தெரியாதிருந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது.

வறுத்தற்கு விறகில்லை. கூரையின் அலகை அறுத்துத் தந்தார் மாறனார். பெய்வது மாரி, பெயர்ப்பது கூரை. கறிக்கு ஒன்றுமில்லை. கொல்லையிற் குழிநிரம்பாத இளம்பயிரை இருளில் தடவிப் பறித்தார். முளை வரும் பருவத்து உணவு. கூரை வரும் நாட்களின் உறையுள். இளம்பயிர் சின்னாட் கழித்து ஆகவேண்டிய கறி. அவ்வொரு மனையில் எஞ்சியிருந்தன அனைத்தும் ‘நாளை’ என்னும் பெயரே பூண்டிருந்தன. அவை மூன்றும் அவ்வொரு யாமத்தில் ‘இன்று’ ஆயின. இவற்றுள் இளம்பயிர் பறித்தலுக்கு ஆசிரியர் கூறிய உவமை கருதத்தக்கது. பாசத்தின் வேரைக் களைவாரோடு அவரை ஒப்பிடுகின்றார். முளைக்கும் கூரைக்கும் இவ்வுவமை கூறாது, மிகச் சிறிய இப்பயிருக்குக் கூறியது என்னை எனின், பெரியன கொடுத்தபின்னும் சிறியதொன்று பற்றாய் எஞ்சிநிற்றல் உலகியல்பு ஆதலின் என்க. ஊரைத் துறந்தவன் ஓட்டைத் துறவாமை போல்வது அது. நாளைக்கு இருக்கட்டும் என்று உள்ளம் ஒதுக்கிவைக்கும் கடைசிச் சிறுபொருளிலேதான் பாசத்தின் வேர் இறங்கியிருக்கும்.

முடிவில் அடியாரை அமுதுசெய்ய எழுப்பியபோது அவர் சோதியாய்த் தோன்றினார். இறைவன் உமையம்மையோடு விடைமேற் காட்சி தந்து, தன் உலகடைந்து, குபேரன் நிதியேந்தி ஏவல்கேட்ப இன்புற்றிருக்குமாறு அருளினான். இதனைக் காட்டி, இது கடைசியில் ஒரு வாணிகமே. சிறுமுளை கொடுத்துப் பெருநிதி பெற்றார் என எள்ளுவார் உளர். பெறுவோம் என்னும் எண்ணம் மாறனார்க்கு இருந்தது என்பதற்குப் புராணத்தில் ஒரு சொல்லும் இல்லை. வந்தவர் யாவர் என்பதை அவர் அறிந்திலர். அன்றியும், இழந்த வயலும் வளமும் மீண்டன எனப் புராணம் கூறவில்லை. கூரை மேயப்பட்டதும் முளை மீள வித்தப்பட்டதும் கூறப்படவில்லை. மறுநாட் காலை என்பதே அப்புராணத்தில் இல்லை. இல்வாழ்வான் ஒருவன் அஞ்சுவது எந்த நாளையை நினைத்தோ, அந்த நாளையை ஆசிரியர் பாடவே இல்லை. அது விடுபட்டதன்று, விடப்பட்டது. குபேரன் ஏவல்கேட்கும் இடம் சிவலோகம். அங்கே செல்வம் செல்வமாக நின்று பயன்தரும் பொருளன்று. மண்ணிற் கடன்பட்டு நின்றவர் முன் நிதிக்கிழவனே நிற்றல், அவர் இழந்ததற்கு ஈடு அன்று. அவர் நிலைக்குச் சிறப்பு.

இவ்வரலாற்றைச் சித்தாந்த நூல்களோடு வைத்து நோக்குங்கால் ஓர் எச்சரிக்கை வேண்டும். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டினர்; மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டினர். பின்னெழுந்த சாத்திரத்தின் சொற்களை முன்னெழுந்த புராணத்தின் மேல் ஏற்றி, ஆசிரியர் கருத்து இதுவே எனச் சாதித்தல் ஆராய்ச்சி நெறியன்று. ஆயினும் மரபு ஒன்றே ஆதலின், ஒன்று மற்றொன்றை விளக்குதல் கூடும். வினை மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றாலும் ஈட்டப்படுவது. நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம்; அந்நுகர்ச்சியிடத்துப் புதிதாய் ஏறுவது ஆகாமியம். பெறுதல், இழத்தல், இன்பம், நோய், முதுமை, இறப்பு ஆகிய ஆறும் கருவிலேயே அமைந்தன என்று சிவஞானசித்தியார் கூறும். அவ்வாறாயின் முயற்சி எற்றுக்கு என்பாரும், ஆதலாற் கவலை எற்றுக்கு என்பாரும் அந்நூலையே துணைக்கொள்வர். முயற்சியை ஒழிக்கவேண்டும் என்பது நூலின் கருத்தாயின் சரியை கிரியைகளை விதித்தல் வீணாம். கவலையோ மனத்தாற் செய்யப்படும் வினை. வாராத துன்பத்தை வந்ததாகப் பாவித்து நுகரும் மனம், பிராரத்தத்தில் இல்லாத ஒன்றை நுகர்வதோடு, அந்நுகர்ச்சியால் ஆகாமியத்தையும் ஏற்றிக்கொள்கின்றது. விதைத்தலும் வினையே எனின், ஆம், வினையே. வேறுபாடு செயலில் இல்லை. யான் எனது என்னும் செருக்கு அச்செயலிற் கலந்திருத்தலும் கலவாதிருத்தலுமே வேறுபாடு. சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரம் இறைபணியில் வழுவாது நிற்றலைப் பாசநீக்கத்திற்கு வாயிலாக வைத்தது இக்கருத்துப்பற்றியே. பணி எப்போதும் இன்று செய்யப்படுவது. நாளைய பணி என்பது சொல்லளவில் உண்டு; செய்யப்படுங்கால் அதுவும் இன்றே ஆகின்றது.

அற்றேல், அடியார் அறுபத்துமூவருள் ஒருவர் பெயரே ‘நாளை’ என்பதைத் தாங்கி நிற்கின்றதே. அவர் நிலை யாது எனின், இவ்வினாவை விலக்கிச் செல்லுதல் நேர்மையாகாது. ஆதனூர்த் திருநாளைப்போவார் தில்லையை நினைந்து இரவெல்லாம் துயிலாது, விடிந்தபின் தம் பிறப்பை எண்ணி, போகாமையும் எம்பெருமான் ஏவலே என்று தம்மை அடக்கி, அடங்காத காதலால் நாளைப் போவேன் என்றார். இதனைக் காலந்தாழ்த்தல் எனக் கூறுதல் பிழை. கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசனைக்குக் கோரோசனையும் அவர் கொடுத்துவந்தார். திருப்புன்கூரில் இறைவன் விடையை விலகச்செய்து காட்சி தந்தான். அவ்விடத்துப் பள்ளமொன்றைக் கண்டு குளமாகத் தோண்டியபின்னரே அவர் ஊர் மீண்டார். அவர் ‘இன்று’ ஒருநாளும் வெறுமையாய்க் கழிந்ததில்லை. நாளை என்ற சொல் அவர் வாயில் கவலையாகாது காதலாய் நின்றது. கோபாலகிருஷ்ண பாரதியார் 1860-களின் தொடக்கத்தில் வெளியான தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வேதியராகிய ஆண்டையைப் படைத்து, நாற்பது வேலி நிலத்து வேளாண்மையை முடித்தல்லது போகலாகாது என அவர் தடுத்ததாகப் பாடினார். சேக்கிழார் பாட்டில் அத்தகைய ஆண்டை இல்லை; ஊரார் விட்ட நிலமே நாயனார்க்கு உணவுரிமை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் தயங்கினார் என்பது உ. வே. சாமிநாதையர் எழுத்தால் அறியப்படும். புராணத்தினின்று விலகியது குறையே. எனினும் பாரதியார் கண்ட ஓர் உண்மையை மறைத்தற்கில்லை: ஒருவன் நாளை என்று சொல்லுதற்குப் பிறனொருவன் காரணமாதல் உண்டு. புராணத்தில் அத்தடை ஓர் ஆளாக உருக்கொள்ளவில்லை. பிறப்பு என்னும் சொல்லாய், மதிலாய் நின்றது.

இவ்விடத்தில்தான் இக்கோட்பாடு பிழைபடக் கையாளப்படும் அச்சம் உளது. நாளையை எண்ணிக் கவலற்க, உள்ளதில் அமைக என்று, மதிற்புறத்து நிற்பானை நோக்கி மதிலகத்திருப்பான் கூறுவானாயின், அது சித்தாந்தம் அன்று. மாறனார் கொடுத்தது தம் முளை, தம் கூரை, தம் பயிர். அயலான் வயலில் ஒரு முளையும் அவர் தொட்டிலர். தன் நாளையைத் தான் கொடுத்தல் தொண்டு. பிறன் இன்றைக் கவர்ந்துகொண்டு அவனுக்கு நாளையைக் காட்டுதல் வேறு. போகாமையும் எம்பெருமான் ஏவலே என்னும் சொல்லைத் திருநாளைப்போவார் தம்மைக்குறித்துத் தாமே கூறினார். ஊரார் அவர்க்குக் கூறியதாகச் சேக்கிழார் எங்கும் பாடவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் தாழ்த்தப்பட்டோர் முதன்முறை அழைத்துச் செல்லப்பட்டனர். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்திற்குப் பொதுவாய் வழிதிறந்த சட்டம் 1947-ஆம் ஆண்டினது. அதுகாறும் ‘நாளை’ என்னும் சொல்லைச் சுமந்தவர் யாவர், அதனை அவர்மேற் சுமத்தியவர் யாவர் என்பதை இப்புராணத்தை ஓதுவோர் மறத்தல் ஆகாது. திருப்புன்கூரில் இறைவன் விலகச் சொன்னது வாயிலில் நின்ற விடையை; வெளியில் நின்ற நாயனாரைப் பொறுத்திருக்கச் சொன்னானல்லன்.

இனி, மாறனார் வரலாற்றைச் சிறுவர்க்குச் சுருக்கி எழுதுவோர் முளை வாரியதையும் இறைவன் தோன்றியதையும் வைத்துக்கொண்டு, மனைவியார் கூற்றை ஒரு தொடரில் அடக்கிவிடுதல் காணப்படுகின்றது. முளையை வாரிவாரும் என்றாள் மனைவி. அவ்வாறே செய்தார் என்ற அளவில் அது முடிகின்றது. அவ்வம்மையார் எண்ணிய கணக்கும் உற்ற அயர்வும் அங்கே விடுபடுகின்றன. விடுபட்டால் எஞ்சுவது மேலே இருதிறத்தாரும் பற்றிக்கொண்ட வரலாறே. முளை நிறைந்த கூடையோடு மாறனார் விரைந்து மீண்டபோது அம்மையார் வாயிலில் எதிர்பார்த்து நின்றார் என்று சேக்கிழார் பாடுகின்றார். மழையில், இருளில், பசியோடு நின்றார். கூடையை வாங்கிச் சேற்றைக் கழுவத் தொடங்கினார்.